யூதர் வெள்ளையரா? மருதனார்மடத்திலிருந்து வட அமெரிக்கா வரை நீளும் கதை தெரியுமா?

மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் தாண்டி நாளும் போய்வருகிறவர்களே, உங்களுக்குத் தெரியுமா? 1913இல் அந்தக் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அமெரிக்கா போய் மேடையேறிப் பேசியவர்! 1905இல் போனார், 1906இல் திரும்பினார். மைரன் பெல்ப்ஸ் என்ற நியூயோர்க் சட்டத்தரணி அவருக்கு ஆதரவாக நின்றார். அவர் பேசியவை ஒரு நூலாகி 1906இல் நியூயோர்க்கிலேயே அச்சேறின. போவதற்கு முன்பே ‘ஸ்ரீ பரானந்தர்’ என்ற பெயரில் மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிய சைவர் அவர். யாழ்ப்பாணத்துக்கு வேதம் சொல்ல 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் 1824இல் எழுந்தது. அந்த உடுவிலுக்குப் பக்கத்து ஊரில் கல்லூரி கட்டியவர் அமெரிக்கருக்கே கிறிஸ்துவின் சொல்லை விளக்கப் போனார் என்றால் எவ்வளவு பெரிய திருப்பம்!

இதைவிடப் பெரிய வியப்பு அதே 1905இல் இருக்கிறது. இராமநாதன் அமெரிக்காவில் பேசிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பழகிய இளம் வெள்ளைக்காரத் துரை யார் தெரியுமா? லண்டன் யூதக் குடும்பத்துப் பிள்ளை லெனாட் வூல்ப்! பின்னாளில் வேர்ஜீனியா வூல்பின் கணவர், இலங்கைக் கிராமமொன்றை வைத்து 1913இல் நாவல் வெளியிட்டவர், அவரேதான். 1905 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்தார். கூடவே ஒரு நாயும், வோல்தேரின் நூல் தொகுதி 90 புத்தகமும். 1907 வரை இங்கேதான் உத்தியோகம். குதிரையில் போகும்போது ஒரு தமிழ்ச் சட்டத்தரணியின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று யாழ்ப்பாணத் தமிழர் அமைப்பொன்று அவர்மேல் முறைப்பாடும் செய்தது. தான் அடிக்கவில்லை, திரும்பி எதையோ சுட்டிக்காட்டியபோது அப்படித் தோன்றியிருக்கலாம் என்று தன் வரலாற்றில் அவர் எழுதிவைத்தார். எங்கள் சனத்துக்கு அவர் யூதரா கிறிஸ்தவரா என்பது ஒரு பொருட்டே இல்லை. துரை என்றால் வெள்ளை, வெள்ளை என்றால் அதிகாரம்.

இனி அதே ஆண்டில் நியூயோர்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவைப் பாருங்கள். ரஷ்யப் பேரரசின் கொலைவெறிக்குத் தப்பிய யூதர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறார்கள். அந்த ஓராண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல்! ஒவ்வொருவரையும் குடிவரவு உத்தியோகத்தர் ஏட்டில் பதிகிறார். ‘நாடு’ என்று ஒரு நிரல், ‘இனம்’ என்று இன்னொரு நிரல். இனம் என்ற இடத்தில் எல்லாருக்கும் ஒரே பதில்: ‘ஹீப்ரு’. ரஷ்யாவிலிருந்து வந்தாலும் ருமேனியாவிலிருந்து வந்தாலும் அதே ‘ஹீப்ரு’தான். யாழ்ப்பாணத்தில் ஒரு யூதர் ஐயத்துக்கிடமில்லாத வெள்ளைத் துரை. எல்லிஸ் தீவில் இறங்கிய யூதர் தனியாகக் குறித்து வைக்கவேண்டிய வேற்றினம். ஒரே ஆண்டு, ஒரே மக்கள், இரண்டு கரைகள்! ஒருவர் என்ன இனம் என்பதை அவர் நிற்கிற இடமும், எதிரில் பேனாவோடு இருக்கிறவரும்தான் முடிவு செய்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

‘ஹீப்ரு’ என்ற அந்த வகை எவ்வளவு காலம் நீடித்தது தெரியுமா? 1899இல் பட்டியலில் ஏறியது 1943 வரை இறங்கவில்லை! ஹிட்லர் ஐரோப்பாவில் யூதரைத் தனி இனமென்று பிரித்துக் கொன்றுகொண்டிருந்த ஆண்டுகளிலும் அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களத்தின் படிவத்தில் அந்த வகை இருந்தது. யூதம் எங்கள் மதம், எங்களை இனமாக எழுதாதீர்கள் என்று சைமன் வூல்ப் என்ற யூதத் தலைவர் அந்தப் பட்டியல் வந்த காலத்திலிருந்தே வாதாடினார். அரசாங்கம் கேட்கவில்லை.

ஒரு நிரலுக்காக ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்கிறீர்களா? 1790ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று உண்டு. குடியேறி வந்தவர் பிரசாவுரிமை கேட்டால், அவர் சுதந்திரமான ‘வெள்ளை’ ஆளாக இருக்கவேண்டும் என்றது அது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1870இல் ஆபிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். ஆசியருக்குக் கதவு பூட்டு. வெள்ளை என்றால் யார் என்று சட்டம் சொல்லவேயில்லை! அதனால் சிரியர், ஆர்மேனியர், யப்பானியர், இந்தியர் என்று ஒவ்வொருவராக நீதிமன்றப் படியேறி ‘நான் வெள்ளையன்’ என்று நிறுவ வேண்டியதாயிற்று. 1909இல் பொஸ்ரனில் ஆர்மேனியர் வழக்கு வந்தது. ஆசியாவில் பூர்வீகம் உள்ளவர் வெள்ளையர் அல்லர் என்றால் யூதரின் பூர்வீகமும் ஆசியாதானே, அவர்களை என்ன செய்வது? இந்தக் கேள்வி அந்தக் காலத்தில் உண்மையாகவே யூதரின் வயிற்றைக் கலக்கியது. அன்றைய நீதிபதி ஆர்மேனியருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார்.

மண்டையை அளந்த கதை தெரியுமா? இனம் என்பது மண்டையோட்டின் வடிவத்தில் இருக்கிறது, அது தலைமுறை தலைமுறையாக மாறவே மாறாது என்று அன்றைய அறிஞர்கள் நம்பினார்கள். ஜேர்மனியில் பிறந்த யூதரான மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ், அமெரிக்கக் காங்கிரஸின் ஆணைக்குழு ஒன்றுக்காகக் குடியேறியவர்களையும் அவர்களின் பிள்ளைகளையும் அளந்தார். ஏறத்தாழ 18,000 பேர்! 1911 அளவில் முடிவு வந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதரின் உருண்டைத் தலை, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளில் சற்று நீண்டிருந்தது. சிசிலிக்காரரின் நீண்ட தலை சற்றுக் குறுகியிருந்தது. ஒரே தலைமுறையில்! சாப்பாடும் சூழலும் மாறினால் எலும்பே மாறும் என்று எண்ணிக்கையோடு காட்டினார் போவாஸ். ஆணைக்குழு அந்த அறிக்கையை அச்சிட்டது, ஆனால் குடிவரவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற தன் முடிவை மாற்றவில்லை.

இப்போது எங்கள் பக்கம் வருவோம். 1917இல் அமெரிக்கா ஆசியத் தடைவலயம் ஒன்றை வரைந்தது. அந்தச் சட்டம் நாடுகளின் பெயரைச் சொல்லாமல் அகலக்கோடும் நெடுங்கோடும் போட்டு ஆட்களை விலக்கியது தெரியுமா? ஆசியாவை அடுத்த தீவுகளில் 20 பாகை வடக்குக்கும் 10 பாகை தெற்குக்கும் இடைப்பட்டவை தடைக்குள் வந்தன. யாழ்ப்பாணக் குடாநாடு ஏறத்தாழ 10 பாகை வடக்கில் கிடக்கிறது. வோஷிங்டனில் யாரோ வரைந்த கோடுகளுக்கு நடுவில் மருதனார்மடமும் உடுவிலும் சுன்னாகமும் அகப்பட்டுவிட்டன! நூறு ஆண்டுகளாக அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த எங்கள் பிள்ளைகள், தங்கள் ஆசிரியரின் நாட்டுக்குத் தொழிலாளியாகப் போக முடியாது என்றாயிற்று.

1923ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படித்தால் இரத்தம் கொதிக்கும். பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிச் சீக்கியர் முதலாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவச் சீருடை அணிந்தவர். இந்தியர் ‘கோக்கேசியர்’ என்று மானிடவியல் நூல்களே சொல்வதால் தானும் வெள்ளையரே என்று வாதாடினார். நூல் சொல்வது இருக்கட்டும், சாதாரண அமெரிக்கன் யாரை வெள்ளை என்று நினைக்கிறானோ அவனே வெள்ளை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் ஜோர்ஜ் சதர்லண்ட் எங்கே பிறந்தவர் தெரியுமா? இங்கிலாந்தில்! சின்ன வயதில் கப்பலேறி வந்த குடிவரவாளர். முன்பு கொடுத்த பிரசாவுரிமையையும் இந்தியரிடமிருந்து அரசாங்கம் பறிக்கத் தொடங்கியது. சான்பிரான்சிஸ்கோ வியாபாரி வைஷ்ணோ தாஸ் பகாய் நாடில்லாதவராகி 1928இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார்.

திந்தின் சார்பில் வைத்த வாதத்தில் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்டக்கூடாது. உயர்சாதி இந்தியர் தூய ஆரியர், தாழ்ந்தவராகத் தாங்கள் கருதிய பழங்குடிகளோடு கலவாதவர், அமெரிக்க வெள்ளையர் கறுப்பரோடு மணம் செய்யாதது போலத்தான் அவர்களும் என்று வாதிட்டார்கள்! கதவு திறக்க வேண்டுமானால் இன்னொருவர் முதுகில் ஏறித் தட்டு என்ற இந்த வாதத்தில் திராவிட மொழி பேசும் எங்களுக்கு எங்கே இடம்? அது தோற்றது. வென்றிருந்தால் மட்டும் நல்ல தீர்ப்பாக இருந்திருக்குமா? என் பதில், இல்லை.

நிறப் பாகுபாடு யூதருக்குள்ளேயே எங்கள் பக்கத்துக் கடற்கரையில் இருந்தது தெரியுமா? கொச்சியில் 1568இல் கட்டிய பரதேசி தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. அங்கே ‘வெள்ளை யூதர்’, ‘கறுப்பு யூதர்’ என்று இரண்டு பிரிவு இருந்தது. ஒருவர் வீட்டில் மற்றவர் பெண்ணெடுத்ததில்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதருக்கு உள்ளே உட்கார இடம் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பங்களில் பிறந்து சட்டம் படித்த ஆபிரகாம் பராக் சேலம், தொழுகைக்கூடத்திலேயே சத்தியாக்கிரகம் செய்து உரிமை கேட்டார். ‘யூத காந்தி’ என்று அவரைச் சொல்வார்கள். இதைக் கேட்டு அட, யூதருக்குள் சாதியா என்று நாம் வாய்பிளக்கலாமா? மருதனார்மடத்தைத் தாண்டி அதே காங்கேசன்துறை வீதியில் வடக்கே போனால் மாவிட்டபுரம். அங்கே கந்தசுவாமி கோயிலுக்குள் போக 1968இல் எங்கள் சனமே போராட வேண்டியிருந்தது.

சட்டப் படிப்பில் யூதரும் யாழ்ப்பாணத்தவரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே வாசலில் நுழைந்த கதை இன்னும் அருமை. லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரான முதல் யூதர் பிரான்சிஸ் கோல்ட்ஸ்மிட், ஆண்டு 1833. முப்பது ஆண்டு கழித்து, 1863இல், கிறிஸ்தவரும் அல்லாத யூதரும் அல்லாத முதல் ஆள் அதே லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். அவர்தான் இராமநாதனின் தாய்மாமன் முத்து குமாரசுவாமி! யூதராகப் பிறந்து இங்கிலாந்தின் பிரதமரான டிஸ்ரேலி, தான் முடிக்காமல் விட்டுப்போன கடைசி நாவலில் ஒரு கதாபாத்திரத்தை அவரை மனதில் வைத்தே படைத்தார்.

அந்த முத்து குமாரசுவாமியின் மகன் யார்? ஆனந்த குமாரசுவாமி! தாய் ஆங்கிலேயப் பெண், தந்தை தமிழர். 1917இல், தடைவலயச் சட்டம் வந்த அதே ஆண்டில், பொஸ்ரன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பகுதியின் பொறுப்பேற்று, 1947இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சிவநடனத்தின் பொருளை மேற்குலகுக்குச் சொன்ன அந்த மேதை 1922இல் மணந்தது ஸ்ரெல்லா புளொக்கை. போலந்தில் பிறந்து நியூயோர்க்கில் வளர்ந்த யூதப் பெண், நடனக்காரி, ஓவியர். 1930இல் மணந்த லூயிசா, ஆர்ஜென்டினாவின் யூதக் குடும்பத்தவர். கணவர் இறந்தபின் அவருடைய எழுத்துக்களை ஒழுங்கு செய்து காத்தவரும் இந்த லூயிசாதான். ஆனந்த குமாரசுவாமியை நாம் எத்தனை தரம் மேற்கோள் காட்டியிருக்கிறோம்! இந்த இரு பெண்களின் பெயரையும் ஒருதரமாவது சொல்லியிருக்கிறோமா?

சிறு செய்தி இன்னொன்று. 1920, 1930, 1940ஆம் ஆண்டுகளின் அமெரிக்கக் குடிசன மதிப்பில் இந்தியருக்கு வைத்த இனப் பெயர் ‘ஹிந்து’! சீக்கியரும் அந்த நிரலில், முஸ்லிமும் அந்த நிரலில். உடுவிலிலோ மானிப்பாயிலோ ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவத் தமிழர் ஒருவர் அங்கே இருந்திருந்தாலும் எண்ணுகிறவர் கண்ணுக்கு ‘ஹிந்து இனம்’தான் தெரிந்திருக்கும். 1970இல் அதே இந்தியரை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். 1980இல் ‘ஆசிய இந்தியர்’ என்று தனி வகை. அறுபது ஆண்டில் மூன்று இனம் மாறினோம், தோல் அப்படியே இருந்தது!

யூதர் கதைக்குத் திரும்புவோம். அவர்களுக்குப் பிரசாவுரிமை மறுக்கப்படவில்லை, வாக்கு இருந்தது, சட்டத்தில் வெள்ளையர். அந்த வெள்ளை எவ்வளவு மெல்லியது தெரியுமா? உள்நாட்டுப் போர் நடந்த 1862இல் ஜெனரல் கிராண்ட் தன் படைப்பகுதியிலிருந்து யூதர் அனைவரையும் வெளியேற்றக் கட்டளையிட்டார். லிங்கன் சில வாரங்களில் அதை இரத்துச் செய்ய வைத்தார். 1915இல் ஜோர்ஜியாவில் லியோ பிராங்க் என்ற யூதத் தொழிற்சாலை மேலாளரைச் சிறையிலிருந்து இழுத்துப்போய் மரத்தில் தொங்கவிட்டார்கள். கறுப்பின மக்களுக்கு ஆயிரக்கணக்கில் நேர்ந்த கொடுமை அது, யூதருக்கு அப்படி நேர்ந்தது மிக அரிது. அந்த வேறுபாட்டை மறக்கக்கூடாது. ஆனால் வெள்ளை என்ற முத்திரை அந்த இரவில் பிராங்கைக் காப்பாற்றவில்லை. ஹார்வார்ட், யேல் போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள் யூத மாணவர் தொகையைக் கட்டுப்படுத்தின. அந்த யேலின் சின்னத்தில் பொறித்திருப்பது ஹீப்ரு எழுத்து! பெயர் வந்ததோ சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து பொருள் சேர்த்த எலிஹு யேலிடமிருந்து.

1924இல் வந்த குடிவரவுச் சட்டம் கிழக்கு ஐரோப்பிய யூதருக்குக் கதவை ஒடுக்கியது, ஆசியருக்கு அறவே மூடியது. இரண்டு மக்களை ஒரே கையெழுத்தில்! அதை எதிர்த்துக் காங்கிரஸில் குரல் கொடுத்த புதுமுகம் புரூக்ளினிலிருந்து வந்த யூத வம்சத்தவர் இமானுவேல் செல்லர். அவர் விட்டாரா? 1946இல் கிளேர் பூத் லூஸ் அம்மையாரோடு சேர்ந்து கொண்டுவந்த சட்டம் இந்தியருக்குப் பிரசாவுரிமை கொடுத்தது, ஆண்டுக்கு 100 பேர் வரலாம் என்றது. 1952இல் வேறொரு சட்டம் பிரசாவுரிமைக்கு இருந்த இனத்தடையை எல்லாருக்குமே நீக்கியது. 1965இல் செல்லரின் பெயர் தாங்கிய சட்டம் நாட்டுக்கு நாடு வைத்த பழைய பங்கீட்டையே ஒழித்தது. 41 ஆண்டு ஒரு மனிதர் ஒரே அநீதியைத் துரத்தியிருக்கிறார்! இன்று நியூஜேர்சியிலும் கலிபோர்னியாவிலும் வாழும் நம் பொறியியலாளரும் வைத்தியரும் அந்த 1965ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த வழியால் போனவர்கள். அவர் படத்தை நம்மவர் வீடு எதிலும் நான் கண்டதில்லை.

பிறகு 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பு வருகிறது, தலை சுற்றுகிறது. மேரிலாந்தில் ஒரு யூதத் தொழுகைக்கூடச் சுவரில் நாசிச் சின்னம் வரைந்துவிட்டார்கள். இனப் பாகுபாட்டுக்கு எதிரான 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கு. யூதர் வெள்ளையர்தானே, அவர்களுக்கு இந்தச் சட்டம் எப்படிப் பொருந்தும் என்றது எதிர்த்தரப்பு. 1866இல் சட்டம் செய்தவர்கள் யூதரைத் தனி இனமாகவே எண்ணினார்கள், ஆகவே பாதுகாப்பு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். நாங்கள் இனமல்ல என்று சைமன் வூல்ப் தலைகீழாக நின்ற நாட்டில், இனம் என்பதே அவர்களுக்குக் கேடயமாயிற்று!

கனடாவை விட்டால் யாழ்ப்பாணத்து வாசகர் என்னை மன்னிக்கமாட்டார்கள். 1807இல் கியூபெக்கில் எசக்கியேல் ஹார்ட் என்ற யூதர் தேர்தலில் வென்றார், யூதர் என்பதற்காகவே சட்டசபையை விட்டு வெளியேற்றினார்கள். 1914இல் வன்கூவர் துறையில் ‘கோமகாட்டா மாரு’ கப்பலில் 376 இந்தியர், இரண்டு மாதம் கரையைப் பார்த்தபடி! மிகப் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். 1939இல் ‘செயின்ற் லூயிஸ்’ கப்பலில் ஹிட்லருக்குத் தப்பிய 907 யூதருக்குக் கனடாவும் இடம் கொடுக்கவில்லை. ஐரோப்பா திரும்பியவர்களில் 254 பேர் கொல்லப்பட்டார்கள். ‘கோமகாட்டா மாரு’வுக்கு 2016இலும் ‘செயின்ற் லூயிஸ்’ கப்பலுக்கு 2018இலும் கனடியப் பாராளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார்.

ரொறன்ரோவில் உள்ள உங்கள் பிள்ளைகள் கிறிஸ்ரி பிற்ஸ் பூங்காவைத் தாண்டிப் போயிருப்பார்கள். 1933 ஓகஸ்ட் 16ஆம் தேதி ஒரு பந்தாட்டத்தில் நாசிக் கொடி விரித்ததும் அங்கே கலவரம் மூண்டது. யூத இளைஞரோடு தோள்நின்று அடிபட்டவர்கள் இத்தாலிய இளைஞர்கள்! ஸ்காபரோவுக்கு அடுத்த கிழக்கு யோர்க்கில் ஒரு காணிக்கு, யூதருக்கு விற்கக்கூடாது என்று உறுதியிலேயே எழுதியிருந்தது. 1945இல் ஒன்ராறியோ நீதிபதி ஒருவர் அது செல்லாது என்றார். ஹியூரன் ஏரிக்கரையில் இன்னொரு காணி. அதன் உறுதியில் யூதருக்கும் கறுப்பருக்கும் ‘நிறமுள்ள’ எவருக்கும் தடை. அந்தச் சொல்லுக்குள் நாங்களும் இருந்தோம். யூதரான பேர்ணாட் வூல்ப் அந்தக் காணியை வாங்கப் போய், வழக்கு உச்ச நீதிமன்றம்வரை ஏறி, 1950இல் அந்தத் தடை செல்லாது என்று தீர்ந்தது. இன்று மார்க்கத்திலும் பிராம்ப்ரனிலும் நம்மவர் வீட்டுக்கு உறுதி முடிக்கும்போது எந்த நொத்தாரிசும் இனம் கேட்பதில்லை. அதற்காக வழக்காடியவர்கள் இருந்தார்கள்.

கடைசியாக ஒன்று. 1979இல் வியட்நாம் அகதிகள் கடலில் தத்தளித்தபோது கனடாவின் குடிவரவு அமைச்சர் ரொன் அற்கியின் மேசைக்கு ஒரு கையெழுத்துப்படி வந்தது. இரண்டு யூத வரலாற்றாசிரியர்கள், ஏவிங் அபெல்லாவும் ஹரல்ட் ரோப்பரும், 1930களில் கனடா யூத அகதிகளை எப்படி விரட்டியது என்று எழுதியிருந்தார்கள். அப்படியொரு பழி தனக்கு வரக்கூடாது என்று அமைச்சர் உறுதிகொண்டார். 60,000 இந்தோசீன அகதிகள் வந்து சேர்ந்தார்கள். ஏழு ஆண்டு கழித்து, 1986 ஓகஸ்டில், நியூபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்கள். மீனவர் கண்டு மீட்டார்கள். திருப்பி அனுப்பு என்ற கூச்சல் எழுந்தும் கனடா அவர்களை வைத்துக்கொண்டது.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற பெற்றோரே, அங்கே போய் இறங்கிய முதல் நாள் எந்தப் படிவத்தில் எந்த நிரலில் உங்களை என்னவென்று எழுதினார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். அகதிக் கடிதம், பழைய பயணப் பத்திரம், வழக்குத் தாள் எதையும் குப்பையில் போடாதீர்கள். ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ உங்கள் ஊர் வாசிகசாலைக்கோ கொடுங்கள்.